லிஸ்டட் நிறுவனத்தின் கம்யூனிகேஷன்ஸ் டீமில் ஏஐ: எதை அதனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கேள்வி இது: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நடுத்தர நிறுவனம். கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவில் ஐந்து பேர், வெளியே ஒரு பிஆர் ஏஜென்சி. "மூன்று மாதத்துக்குள் ஏஐ-யைக் கொண்டுவாருங்கள்" என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கே தொடங்குவது, எதைத் தொடவே கூடாது?

பிரஸ் ரிலீஸ் எழுத வைப்பதில் மட்டும் தொடங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலை அது என்பதால் பெரும்பாலான டீம்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒரு ரிலீஸ் வெளிவர நான்கு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்து எழுதும் நேரம் இரண்டு மணி நேரம் இருக்கும். மீதியெல்லாம் ஃபைனான்ஸிலிருந்து எண் வருவதற்கும், பிசினஸ் ஹெட் மூன்று முறை திருத்துவதற்கும், லீகல் பார்ப்பதற்கும், எம்டி அலுவலகத்தில் காத்துக் கிடப்பதற்கும் போய்விடும். இரண்டு மணி நேர வேலையை இருபது நிமிடமாகச் சுருக்கினாலும் நான்கு நாள் குறையாது. சரிபார்க்காத டிராஃப்ட்கள்தான் ஐந்து மடங்காகப் பெருகும். ஏஐ-யால் உண்மையில் மிச்சமாவது எழுதுவதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைகளில்: தகவல் திரட்டுவது, பழைய அறிக்கைகளில் என்ன சொன்னோம் என்று தேடுவது, கேள்விகளை ஊகிப்பது, ஒரே செய்தியை ஆறு வடிவத்தில் மாற்றுவது, எண்களை ஒப்பிடுவது.

இதையெல்லாம் தொடங்கும் முன் கம்பெனி செக்ரட்டரியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். லிஸ்டட் நிறுவனத்தில் இந்தக் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு உள்பேர வர்த்தகத் தடை விதிமுறைகளின்படி, வெளியிடப்படாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை (துறையில் யுபிஎஸ்ஐ என்பார்கள்) யாரிடம் பகிர்ந்தாலும் அதற்கு நியாயமான தொழில்முறைக் காரணம் இருக்க வேண்டும். யாருக்குப் பகிரப்பட்டது என்பது பெயர், பான் எண்ணோடு டிஜிட்டல் பதிவேட்டில் ஏற வேண்டும். காலாண்டு முடிவு, டிவிடெண்ட், இணைப்பு, உயர் நிர்வாகி மாற்றம் எல்லாம் இந்த வகையில் வரும். ஜூனியர் ஒருவர் இரவு பத்து மணிக்குத் தன் சொந்த ஜிமெயில் கணக்கில் திறந்த சாட்ஜிபிடியில் "இந்த ரிசல்ட்டை அழகாக எழுதித் தா" என்று ஒட்டினால், அந்தப் பகிர்வு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இது கற்பனை ஆபத்து இல்லை. 2023-இல் சாம்சங்கின் செமிகண்டக்டர் பிரிவு ஊழியர்கள் சோர்ஸ் கோடையும் உள்கூட்டம் ஒன்றின் பதிவையும் சாட்ஜிபிடியில் போட்டது செய்தியானது. மே மாதம் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளை ஊழியர்களுக்குத் தடை செய்தது. அவர்கள் யாரும் திருட நினைக்கவில்லை. கோடில் பிழை பார்க்கவும், கூட்டக் குறிப்பு தயாரிக்கவும்தான் போட்டார்கள். கம்யூனிகேஷன்ஸ் ஆட்கள் தினமும் செய்வதும் அதே மாதிரி வேலைதான்.

ஆகவே கணக்கு விஷயத்தை முதலில் முடியுங்கள். இலவச அல்லது தனிநபர் கணக்கில் நீங்கள் இடுவது, செட்டிங்கை அணைக்காவிட்டால், மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். நிறுவனங்களுக்கான பதிப்புகளில் இயல்பாகவே பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனாலும் தரவு எந்த நாட்டில் தங்குகிறது, எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது, உங்கள் ஐடி அட்மின் யார் யார் உரையாடலைப் பார்க்க முடியும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வேர்டு, எக்செல், அவுட்லுக்கோடு சேர்ந்து இயங்கும் ஏஐ உதவியாளரான மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் 2023 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கு வந்தபோது ஆளுக்கு மாதம் 30 டாலர். ஐந்து பேருக்கு அது பெரிய தொகை இல்லை. பெரிய செலவு ஷேர்பாயின்ட் (அலுவலக ஃபைல்களைப் பொதுவாகச் சேமிக்கும் இடம்) ஃபோல்டர்களைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பயனருக்கு எந்த ஃபைலைத் திறக்க அனுமதி இருக்கிறதோ அதையெல்லாம் கோபைலட் தேடி எடுத்துவரும். "எல்லோரும் பார்க்கலாம்" என்று யாரோ எப்போதோ திறந்துவிட்ட ஃபோல்டரில் ஆட்குறைப்பு அறிவிப்பின் டிராஃப்ட் கிடந்தால், "இந்த வருஷம் எச்ஆர் திட்டம் என்ன?" என்று சாதாரணமாகக் கேட்ட ஊழியருக்கு அது பதிலாக வந்து நிற்கும். முன்பு அந்த ஃபைல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, அவ்வளவுதான் பாதுகாப்பு.

இன்னொரு ஓட்டை, மீட்டிங்கில் தானாக வந்து சேரும் நோட்-டேக்கர் போட்கள். ரிசல்ட்டுக்கு முந்தைய வாரம் நடக்கும் தயாரிப்புக் கூட்டத்தில் ஏஜென்சி ஆள் ஒருவருடைய போட் உட்கார்ந்திருந்தால், சுருக்கம் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட எல்லோருக்கும் மெயிலில் போய்விடக்கூடும். இந்தக் கூட்டங்களுக்கு லாபியை (அனுமதித்தால் மட்டும் உள்ளே வரக்கூடிய காத்திருப்பு அறை) கட்டாயமாக்கி, போட்களை உள்ளே விடாதீர்கள்.

சரி, யுபிஎஸ்ஐ-யைத் தொடக் கூடாது என்றால் காலாண்டு ரிலீஸுக்கு ஏஐ பயன்படவே படாதா? படும், எண்ணைக் காட்டாமல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருஷத்துக்கு நான்கு முறை வரும் தலைவலி இது.

போர்டு கூட்டம் வர்த்தக நேரத்தில் முடிந்தால் 30 நிமிடத்துக்குள் முடிவுகள் எக்ஸ்சேஞ்சுக்குப் போயாக வேண்டும். சந்தை மூடிய பிறகு முடிந்தால், 2024 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி 3 மணி நேரம் வரை கிடைக்கும். அந்த அரை மணியில் எழுத்து வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எனவே பதினைந்து நாள் முன்பே எண் இல்லாத சட்டகம் தயாராகட்டும். வருவாய்க்கு "₹[அ1] கோடி", முந்தைய ஆண்டின் அதே காலாண்டுக்கு "₹[அ2] கோடி", மாற்றத்துக்கு "[அ3]%" என்று இடம் மட்டும் விட்டு, ஏஐ-யிடம் நடையைச் செப்பனிடச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணை மறைத்துவிட்டு "உயர்ந்தது" என்று எழுதினாலே பாதி ரகசியம் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் உயர்ந்தது, குறைந்தது, மாற்றமில்லை என மூன்று வாக்கியங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் வந்ததும் ஃபைனான்ஸ் ஒப்புக்கொண்ட எக்செல் ஷீட்டிலிருந்து மெயில் மெர்ஜ் மூலம் நிரப்பி, பொருந்தாத வாக்கியங்களை வெட்டிவிடலாம். எண்ணை ஏஐ தொடவே தொடாது. ரகசியம், துல்லியம் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீரும்.

ஃபைலிங் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் ஏறிய நொடியிலிருந்து அந்தத் தகவல் பொதுவானது. இனி அதை வைத்து லிங்க்ட்இன் பதிவு, ஊழியர் மெயில், ஆலை அறிவிப்புப் பலகைக்குத் தமிழ் வாசகம், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கான குறிப்பு என்று ஏஐ-யிடம் தாராளமாகக் கேட்கலாம். தவறுகள் வருவதும் இங்கேதான், அவை வரும் இடங்களும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. வருவாய் ₹1,248 கோடி என்று இருந்தால் வெளிநாட்டுக் குறிப்பில் 12.48 பில்லியன் ரூபாய் என்று வர வேண்டும்; 1.248 பில்லியன் என்றோ 124.8 மில்லியன் என்றோ வந்து நிற்கும். லாப விகிதம் 15.3-இலிருந்து 14.1-க்கு இறங்கினால் அது 120 பேசிஸ் பாயின்ட் சரிவு, அதாவது 1.2 சதவீதப் புள்ளி. "1.2% குறைந்தது" என்று எழுதினால் பொருளே வேறு, ஏனென்றால் விகித அளவில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 8% சரிவு. தனி நிறுவனக் கணக்கையும் துணை நிறுவனங்களைச் சேர்த்த கணக்கையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் கலந்துவிடும். கடந்த ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்ட எண்ணை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டதாகச் சொல்லும். இந்த நான்கையும் அச்சிட்டு மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், பெரும்பாலான பிழை கண்ணில் படும்.

எண்ணை விட மோசமானது ஒன்று உண்டு. எம்டி பெயரில் ஒரு மேற்கோள் எழுதித் தரச் சொன்னால், "இந்த வளர்ச்சி வரும் காலாண்டுகளிலும் தொடரும் என்று உறுதியாக நம்புகிறோம்" என்று ஏஐ எழுதிவிடும். உலகத்தில் உள்ள ரிசல்ட் ரிலீஸ்களெல்லாம் அப்படித்தான் முடிகின்றன. மாடலும் அதைத்தான் கற்றிருக்கிறது. நிறுவனம் கைடன்ஸ் (வரும் காலாண்டுகள் எப்படி இருக்கும் என்ற முன்கணிப்பு) தருவதில்லை என்பது கொள்கையாக இருந்தால், அந்த ஒரு வாக்கியம் கைடன்ஸாக எடுத்துக்கொள்ளப்படும். மேற்கோளை எம்டி வாயிலிருந்து வாங்குங்கள். ஐந்து நிமிடம் அவர் பேசியதைப் பதிவு செய்து, அதைச் சுருக்க ஏஐ-யைப் பயன்படுத்துங்கள். தலைகீழாக, ஏஐ எழுதியதை எம்டி "ஓகே" செய்வதாக வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் எல்லா நிறுவனத்து எம்டியும் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே பாதி அப்படித்தான் இருக்கிறது.

ரிசல்ட் அல்லாத அறிவிப்புகளுக்கு, புதிய ஆலை, ஒப்பந்தம், நியமனம் போன்றவற்றுக்கு, தகவல் தாள் ஒன்றைப் பழக்கப்படுத்துங்கள். (இவையும் விலையைப் பாதிக்கக்கூடியவை என்றால் ஃபைலிங் முடியும்வரை மேலே சொன்ன விதிதான்.) ஒரே பக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். ஒரு வரியில் ஒரே தகவல், அதன் மூலம், அதற்குப் பொறுப்பான ஆள், உறுதி செய்த தேதி. உதாரணமாக: "வரி 7. முதல் கட்ட உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 40,000 டன். மூலம்: போர்டு குறிப்பு. பொறுப்பு: ஆலைத் தலைவர். உறுதி: மார்ச் 12." இந்தத் தாளைப் பூட்டிய பிறகுதான் எழுத்து தொடங்க வேண்டும். டிராஃப்டைச் சுற்றுக்கு விடுவதற்குப் பதில் தாளைச் சுற்றுக்கு விட்டால், பிசினஸ் ஹெட் அடைமொழியைப் பற்றிச் சண்டை போடாமல் தகவலைப் பற்றிப் பேசுவார். அப்ரூவல் நேரம் குறைவது இந்த இடத்தில்தான். இதற்கு ஏஐ-யே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

ஏஐ-க்குத் தரும் கட்டளை நீளமாக இருக்க வேண்டியதில்லை. இது போதும்:

"கீழே உள்ள தகவல் தாளில் இருப்பதை மட்டும் வைத்து 350 சொற்களில் பத்திரிகைக் குறிப்பு எழுது. தாளில் இல்லாத எண், பெயர், தேதி, இடம், வேலைவாய்ப்பு விவரம் எதையும் சேர்க்காதே. தேவையான விவரம் தாளில் இல்லையென்றால் 'விவரம் தேவை' என்று அந்த இடத்தில் எழுது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று வரி எண்ணைக் குறி. முன்னணி, முதன்முறையாக, மிகப்பெரிய, சாதனை ஆகிய சொற்களைப் பயன்படுத்தாதே. மேற்கோள் எழுதாதே, மேற்கோளுக்கான இடத்தை மட்டும் விடு."

வரி எண் கேட்பதுதான் இதில் உயிர். எண் இல்லாத வாக்கியம் எங்காவது நின்றால் அது ஏஐ சொந்தமாகச் சேர்த்தது. புதிய ஆலை பற்றிய குறிப்பு என்றால் "சுமார் 500 பேருக்கு நேரடி வேலைவாய்ப்பு" என்று ஒரு வரி தானாக முளைக்க வாய்ப்பு அதிகம், ஆலைச் செய்திகளில் அந்த வரி எப்போதும் இருப்பதால். சில நேரம் ஏதாவது ஒரு வரி எண்ணையும் பொய்யாகப் போட்டுவிடும். அதனால் இரண்டாவது சுற்று வேண்டும்: புதிய உரையாடலைத் திறந்து, முந்தைய உரையாடலின் வாசனையே இல்லாமல், டிராஃப்டையும் தாளையும் மட்டும் கொடுத்து, டிராஃப்டில் உள்ள எல்லா எண், பெயர், தேதியையும் அட்டவணையாக எடுத்து, தாளில் அப்படியே இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எழுதிய அதே உரையாடலில் "சரியா பார்" என்றால் "எல்லாம் சரியாக உள்ளது" என்றே பெரும்பாலும் வரும். அதற்குப் பிறகு ஒரு மனிதர் அந்த அட்டவணையை விரல் வைத்துப் படிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் என்னவாகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய. அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் 2022 இறுதியிலிருந்து ஏஐ-யை வைத்து நிதிக் கட்டுரைகள் வெளியிட்டது. 2023 ஜனவரியில் மறுபரிசீலனை செய்தபோது 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. அவற்றுக்கும் எடிட்டர் இருந்தார். சரளமாக எழுதப்பட்டதைப் படிக்கும்போது கண் சந்தேகப்படுவதை நிறுத்திவிடுகிறது.

இந்தத் துறையில் ஏஐ-யின் மிகச் சிறந்த பயன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கேள்வி-பதில் தயாரிப்பைச் சொல்வேன். இதற்கு வேண்டிய மூலப்பொருள் எல்லாம் ஏற்கெனவே பொதுவில் கிடக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எதை எப்போது வெளியிட வேண்டும் என்று சொல்லும் செபியின் எல்ஓடிஆர் விதிகளின்படி, காலாண்டு முடிவுக்குப் பிந்தைய அனலிஸ்ட் அழைப்பின் (பங்கு ஆய்வாளர்களோடு நடக்கும் கேள்வி-பதில் கூட்டம்) எழுத்து வடிவத்தை 5 வேலை நாளுக்குள் வெளியிட வேண்டும். உங்களுடைய கடைசி எட்டு காலாண்டு, போட்டி நிறுவனங்கள் மூன்றின் கடைசி நான்கு காலாண்டு என எடுத்தால் இருபது ஆவணம். இதை ஏற்றிவிட்டு, திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் எவை, யாருக்கும் நேரடிப் பதில் கிடைக்காத கேள்விகள் எவை, போட்டி நிறுவனத்திடம் கேட்கப்பட்டு நம்மிடம் இன்னும் கேட்கப்படாதவை எவை என்று கேளுங்கள். பிறகு, "மூலதனச் செலவு பற்றி நாம் இதுவரை சொன்ன எல்லா வாக்கியத்தையும் தேதி, பக்க எண்ணோடு அப்படியே எடு" என்று கேளுங்கள். ஒன்றரை வருஷம் முன்பு சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) ஒரு எண் சொல்லி, போன காலாண்டில் வேறொன்று சொல்லியிருப்பது வெளிப்படும். அனலிஸ்ட் அதைப் பிடிப்பதற்கு முன் நீங்கள் பிடித்துவிட்டால், ஏஐ-க்குக் கொடுத்த காசு அந்த ஒரு நாளிலேயே வந்துவிட்டது.

இதிலும் இரண்டு கண்ணி உண்டு. நீண்ட ஆவணங்களில் நடுப்பகுதியை மாடல் கோட்டைவிடுவது உண்டு. எனவே இருபதையும் ஒன்றாகக் கொட்டாமல் நான்கு நான்காகக் கொடுங்கள். மேற்கோள் என்று அது தரும் ஒவ்வொன்றையும் மூல பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள். தேடலில் சிக்காத மேற்கோள் மேற்கோளே இல்லை. தவிர, அந்த எழுத்து வடிவங்களே பல நேரம் இயந்திரம் கேட்டு எழுதியவை. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும், இயந்திரத்துக்கும்தான். உங்கள் அழைப்பின் எழுத்து வடிவத்தை வெளியிடும் முன் எண் வரும் இடங்களை மட்டுமாவது ஆடியோவோடு ஒருவர் ஒப்பிட வேண்டும்.

ஊடகக் கண்காணிப்பு அடுத்தது. காலை எட்டு மணிக்கு எம்டி கைக்குப் போகும் செய்திச் சுருக்கத்தை ஏஐ தயாரிப்பது இன்று பல இடங்களில் நடக்கிறது. நன்றாகவும் நடக்கிறது, ஆங்கிலச் செய்திகளைப் பொறுத்தவரை. தமிழில் மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது இ-பேப்பர். சில பிடிஎஃப்களில் எழுத்து யூனிகோடில் இருக்காது; பழைய ஃபான்ட் குறியாக்கத்தில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் குப்பை வரும், ஏஐ அந்தக் குப்பையைப் படித்துக் கற்பனையாக ஒரு செய்தியைச் சொல்லும். பக்கத்தைப் படமாக மாற்றி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் வழியாக எடுப்பதே பாதுகாப்பு. இரண்டாவது பெயர்க் குழப்பம். டிவிஎஸ் என்று தேடினால் டிவிஎஸ் மோட்டார், டிவிஎஸ் சப்ளை செயின், டிவிஎஸ் ஸ்ரீசக்ரா எல்லாம் வரும். எல்லாமே தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டவை. குழுமப் பெயர் கொண்ட எந்த நிறுவனத்துக்கும் இதே கதை. தேடலில் தயாரிப்பின் பெயர், ஊர், நிர்வாகியின் பெயர் என்று அடையாளங்களைச் சேர்த்து, இது நம்மைப் பற்றியதா என்ற கேள்வியைத் தனிப் படியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, கிண்டல். "மூணு நாளா நெட் இல்ல, கஸ்டமர் கேர்ல பாட்டு மட்டும் சூப்பரா போடுறாங்க, வேற லெவல் சர்வீஸ்" என்று ஒருவர் கைதட்டும் எமோஜியோடு போட்டால், பதிவு பாராட்டா புகாரா என்று பிரிக்கும் பழைய சென்டிமென்ட் கருவி இதைப் பாராட்டு என்று எண்ணிவிடும். புதிய பெரிய மாடல்கள் இதை நன்றாகவே பிடிக்கின்றன, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், வட்டார வழக்கு, சினிமா வசனம் கலந்தால் தடுமாறும். டாஷ்போர்டில் "72% பாசிட்டிவ்" என்று பச்சையாகத் தெரிவதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 200 பதிவுகளை எடுத்து டீமில் இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல் வகைப்படுத்தட்டும். அவர்கள் இருவருமே ஒத்துப்போகாத பதிவுகளை ஒதுக்கிவிடுங்கள். மீதியில், மனிதர்கள் புகார் என்று சொன்னவற்றில் எத்தனையைக் கருவி புகார் என்று பிடித்தது என்று எண்ணுங்கள். மொத்தத் துல்லியம் இங்கே முக்கியமில்லை. நூறு பாராட்டில் பத்து தவறினால் ஒன்றும் ஆகாது. பத்து புகாரில் நான்கு தவறினால் கருவி உங்களை ஏமாற்றுகிறது. அப்போது சதவீதத்தை எம்டிக்குக் காட்டாமல், புகார்களை நேராகப் படித்துக் காட்டுவதே மேல்.

கண்காணிப்பின் வேகம் இப்போது சட்ட விஷயமும்கூட. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் 1 முதலும் செபியின் வதந்தி சரிபார்ப்பு விதி வந்திருக்கிறது: முதன்மை ஊடகத்தில் வந்த செய்தி பங்கு விலையைக் குறிப்பிடத்தக்க அளவு நகர்த்தினால் 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். செய்தியைக் கண்டுபிடிக்க ஏஐ, பதிலை முடிவு செய்ய மனிதர்கள் என்று கோடு போட்டுவிடுங்கள். உள்ளே வரும் மெயிலையும் இணையப் பக்கத்தையும் படிக்கும் எந்த ஏஐ கருவிக்கும் தானாகப் பதில் அனுப்பும் அதிகாரம் தராதீர்கள். பக்கத்துக்குள் மறைத்து வைத்த வாசகத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு நடக்கும் பலவீனம் இவற்றுக்கு இன்னும் இருக்கிறது.

தமிழாக்கம் பற்றித் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. ஆங்கில ரிலீஸை மொழிபெயர்க்கச் சொல்லாமல், தகவல் தாளைக் கொடுத்துத் தமிழிலேயே புதிதாக எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் முதல் பத்தியிலேயே தெரியும். கூடவே முப்பது நாற்பது சொற்கள் கொண்ட உங்கள் நிறுவனத்தின் சொற்பட்டியலும் (பதவிப் பெயர்கள், தயாரிப்புப் பெயர்கள், ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல்), நாளிதழில் ஏற்கெனவே நன்றாக வந்த இரண்டு செய்திகளும் மாதிரியாகப் போகட்டும். செலவுப் பக்கமும் மாறிவிட்டது: தமிழ் எழுத்துகளை மாடல்கள் சின்னச் சின்னத் துண்டாக உடைப்பதால் முன்பு ஆங்கிலத்தை விடப் பல மடங்கு செலவானது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய மாதிரித் தமிழ் வாசகம் 116 டோக்கனிலிருந்து (டோக்கன் என்பது அந்தத் துண்டு) 35-ஆகக் குறைந்திருந்தது. எனவே "தமிழுக்கு ஏஐ கட்டுப்படியாகாது" என்று ஏஜென்சி சொன்னால் அது பழைய கணக்கு.

தொடவே கூடாத இடம் எது? மனிதருக்கு வலிக்கும் செய்தி எதையும் ஏஐ எழுதக் கூடாது. மரணம், ஆலை விபத்து, ஆட்குறைப்பு, பாலியல் புகார். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஆறுதல் மெயில் அனுப்பியது. அடியில் சின்னதாக, இது சாட்ஜிபிடியிலிருந்து எடுத்தாளப்பட்டது என்ற குறிப்பு. கல்லூரி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வாசகத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. இந்த நேரத்தில்கூட ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லையே என்பதுதான் மாணவர்களைக் காயப்படுத்தியது. அடிக்குறிப்பை நீக்கியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் துறைக்கு ஆபத்தானவர்கள். நெருக்கடியில் ஏஐ-க்கு வேறு வேலை உண்டு: நீங்கள் எழுதிய அறிக்கையைக் கொடுத்து, கோபமான தொழிற்சங்கத் தலைவராக, இறந்தவரின் உறவினராக, காலக்கெடுவில் இருக்கும் நிருபராக இதைப் படித்து எங்கே எரிச்சல் வருகிறது என்று சொல்லச் சொல்லலாம்.

இணையதளத்தில் பதில் சொல்லும் சாட்பாட் வைக்கும் ஆசையும் இந்த வரிசையில் வரும். ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் மறைவுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற வகையில் நிறுவனம் வாதிட்டும், 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொன்னது. தொகை சுமார் 812 கனடிய டாலர்தான். கெட்ட பெயர் உலகம் முழுக்க. முதலீட்டாளர் பக்கத்தில் சாட்பாட் வைப்பதானால் ஃபைல் செய்த ஆவணத்தின் சுட்டியை மட்டும் எடுத்துத் தரட்டும், சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டாம்.

டீப்ஃபேக் உங்கள் மேஜைக்கு வரும் நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். 2024 ஏப்ரலில் என்எஸ்இ தன் எம்டி ஆஷிஷ்குமார் சவுகான் பங்குகளைப் பரிந்துரைப்பது போன்ற போலி வீடியோ பற்றி எச்சரித்தது. அதே மாதம் பிஎஸ்இ-யும் தன் எம்டி சுந்தரராமன் ராமமூர்த்தி பெயரில் வந்த போலி பற்றி எச்சரித்தது. ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ அழைப்பில் சிஎஃப்ஓ-வும் சக ஊழியர்களும் பேசுவதாக நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அழைப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாம் போலி. செய்ய வேண்டியவை சாதாரணமானவை: எம்டி பேசும் எல்லா அதிகாரபூர்வ வீடியோவும் ஒரே பக்கத்தில் தேதியோடு இருக்கட்டும், "எங்கள் நிர்வாகிகள் பங்குப் பரிந்துரை செய்வதில்லை" என்ற இரண்டு வரி அறிக்கை லீகல் ஒப்புதலோடு இப்போதே தயாராக இருக்கட்டும். போலி தென்பட்டால் முதலில் சுட்டி, நேரம், திரைப் பதிவு மூன்றையும் சேமித்துவிட்டுப் பிறகு தளத்தில் புகார், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930, விலை நகர்ந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு விளக்கம் என்று போங்கள். சேமிக்கும் முன் புகார் கொடுத்தால் வீடியோ நீங்கிவிடும், ஆதாரமும் சேர்ந்தே நீங்கும்.

இந்தச் சூழலில்தான் சில நிறுவனங்கள் தலைவரின் ஏஐ உருவத்தைத் தாங்களே பேச வைக்கின்றன. 2025 மே மாதம் பணம் செலுத்தும் சேவை நிறுவனமான கிளார்னா, வீடியோ அழைப்பு நிறுவனமான ஜூம் இரண்டும் காலாண்டு முடிவுக்கு அப்படிச் செய்தன. அவை தொழில்நுட்பத் துறை நிறுவனங்கள், அவர்களுக்கு அது விளம்பரம். டயரோ சிமென்ட்டோ விற்கும் நிறுவனத்துக்கு இதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எம்டியின் முகம் செயற்கையாகவும் இருக்கலாம் என்று உங்கள் பங்குதாரர்களுக்கு நீங்களே பழக்கிவிடுகிறீர்கள்.

உங்கள் நிறுவனத்தைப் பற்றி மக்கள் இப்போது ஏஐ-யிடமே கேட்கிறார்கள் என்பதையும் டீம் கவனிக்க வேண்டும். இருபது கேள்விகள், ஆங்கிலத்திலும் தமிழிலும், மாதம் ஒரு முறை, மூன்று கருவிகளில் கேட்டு விடைகளைச் சேமியுங்கள். பழைய எம்டி பெயர், மூடிய ஆலை, தீர்ந்துபோன வழக்கு இவைதான் வழக்கமாகத் தவறாக வரும். காரணம் பெரும்பாலும் உங்கள் தளமே: நியூஸ்ரூம் முழுக்க ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாக இருக்கும், தேதி இருக்காது, அல்லது ஐடி டீம் தளத்தின் ரோபோட்ஸ் ஃபைலில் ஏஐ கிராலர்களை (பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் நிரல்கள்) தடுத்து வைத்திருக்கும். சாதாரண வலைப்பக்கமாக, தேதியோடு, ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயமாக மாற்றினால் சில மாதத்தில் விடைகள் திருந்தும். விக்கிப்பீடியாவில் தவறு இருந்தால் நீங்களே திருத்தாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் உங்கள் சார்பைச் சொல்லி, ஆதாரத்தோடு வேண்டுகோள் வையுங்கள். ஏஜென்சியை விட்டு ரகசியமாகத் திருத்தச் சொல்வது பிடிபடும், பிடிபட்டால் அதுவே செய்தி.

ஏஜென்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சில வரிகள் சேர்க்க வேண்டும்: எந்தக் கருவி, யாருடைய கணக்கு, எங்கள் வெளியாகாத தகவல் எதற்குள் போகக் கூடாது, ஏஐ உருவாக்கிய படமோ குரலோ இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது. ஏஐ-யில் எழுதியிருக்கிறார்களா என்று பிடிக்கும் டிடெக்டர் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓபன்ஏஐ தன் சொந்த டிடெக்டரையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது; அது ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை ஏஐ என்றது. டிராஃப்ட் எழுதும் மணி நேரம் குறைந்திருக்கும்போது மாதக் கட்டணம் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்பதிலும் தவறில்லை. கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள் என்றால், மிச்சமான நேரத்துக்கு நிருபர்களை நேரில் சந்திக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். இருநூறு பேருக்கு ஏஐ எழுதிய ஒரே பிட்ச் மெயிலை (செய்தி போடச் சொல்லி நிருபர்களைக் கேட்கும் மெயில்) அனுப்பும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். "உங்கள் சமீபத்திய கட்டுரை மிகச் சிறப்பு" என்று தொடங்கும் மெயில்களை நிருபர்கள் திறக்காமலே அழிக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மேலிடத்துக்குக் காட்ட எண் வேண்டுமே என்றால், எத்தனை டிராஃப்ட் எழுதினோம் என்று காட்டாதீர்கள். தகவல் தாள் பூட்டியதிலிருந்து ரிலீஸ் வரை எத்தனை மணி நேரம், அப்ரூவல் எத்தனை சுற்று, வெளியான பிறகு எத்தனை திருத்தம், அனலிஸ்ட் அழைப்பில் வந்த கேள்விகளில் எத்தனை நம் பட்டியலில் முன்பே இருந்தன. ஏஐ வருவதற்கு முந்தைய இரண்டு காலாண்டுக்கும் இதே நான்கு எண்ணை இப்போதே மெயில்களிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்; அது இல்லாமல் ஒப்பிட எதுவும் இருக்காது. முதல் காலாண்டில் நேரம் கூடத்தான் செய்யும், சரிபார்ப்புச் சுற்று புதிதாகச் சேர்வதால். அதை முன்பே எம்டியிடம் சொல்லிவிடுங்கள்.